வீட்டுப் பேருக்கு வேர் தேடுவது எப்படி

என் அண்ணன் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அங்கே பிறப்பைப் பதிகிற படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நம்மில் பலர் அப்பா பேரை அதில் போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். இவனுக்கு மனசு வரவில்லை. ராத்திரி கூப்பிட்டான். "அத்தை, நம்ம வீட்டுக்குன்னு ஒரு பேரு உண்டே, கலிங்கடியார்னு. அதையே போட்டுரலாமா? ஆனா சித்தப்பா கல்யாணப் பத்திரிகையில கலிங்கராயர்னு அடிச்சிருக்காங்க. எது சரி? அதுக்கு அர்த்தம்தான் என்ன?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஊர் திருமயம் வட்டத்தில் இருக்கிறது. அந்தப் பேர் எங்கள் பங்காளிகள் பதினோரு வீட்டைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. நான் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பழைய பதிவேடும் படமும் எனக்குப் பழக்கம். அந்தத் தைரியத்தில் "பார்த்துச் சொல்றேன்ப்பா" என்றேன். பார்த்துச் சொல்ல இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷத்தில் எது பயன்பட்டது, எது ஏமாற்றியது என்பதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாருக்கும் பொருள் தெரியாத ஒரு பேர் இருந்தால் இந்த வழியில் போய்ப் பாருங்கள்.

பேரின் எல்லா உருவங்களையும் சேர்த்து வையுங்கள்

பொருள் தேடுவது அப்புறம். முதலில் ஒரு நோட்டை எடுத்து, பேர் எங்கெல்லாம் எப்படியெல்லாம் வருகிறதோ அத்தனையையும் எழுத்து மாறாமல் எழுதுங்கள். திருத்தி எழுதாதீர்கள். "கலுங்கடியா" என்று ஒரு தாளில் இருந்தால் அது கலுங்கடியா தான். பிழை என்று நினைத்து 'ர்' சேர்த்துவிட்டால் உங்கள் கையாலேயே ஒரு தடயத்தை அழித்தவராகிவிடுவீர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வருஷம், எழுதியது யார், எதற்காக எழுதியது என்ற மூன்றும் வேண்டும்.

இந்த மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். கல்யாணப் பத்திரிகை ஊரார் பார்க்க அடிப்பது. அதில் பேரைக் கொஞ்சம் உயர்த்திப் போடத் தோன்றும். கடன் கொடுத்தவர் தன் கணக்குக்காக எழுதிய சீட்டில் அந்த ஆசை இருக்காது. யார் வீடு என்று அடையாளம் தெரிந்தால் அவருக்குப் போதும். பேரை அழகாக்கிப் பார்ப்பதில் எந்த லாபமும் இல்லாத ஒருவர் எழுதிய உருவம் கிடைத்தால் அதை முதலில் நம்புங்கள்.

எங்கள் வீட்டுக்குக் கிடைத்தவை இவை. 1984ல் நடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் கலிங்கராயர். 1961 பத்திரிகையில் கலிங்கடியார். அதற்கு முந்தைய மொய் நோட்டில் கலுங்கடியா. பின்னோக்கிப் போகப் போகப் பேர் எளிமையாகிக்கொண்டே வந்தது. இப்படி ஒரு வரிசை உங்களுக்கும் தெரிந்தால் மிகப் பழைய உருவத்திலிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும். நான் 1984லிருந்து தொடங்கி ஐந்து மாதம் வீணாக்கினேன்.

வீட்டுக்கு வந்த பெண்களையும், வீட்டைவிட்டுப் போன பெண்களையும் கேளுங்கள்

பெரியவர்களிடம் கேளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். யாரிடம், எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டு ஆண்களிடம் "நம்ம பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் கதை கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. குலோத்துங்கன் படையோடு கலிங்கத்துக்குப் போய் வென்று வந்தவர்கள் நாம், அதனால் வந்த பேர் என்று என் பெரியப்பா மகன் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை உண்மையானது. ஆனால் அந்தக் கதையை அவர் யாரிடம் கேட்டார் என்று விசாரித்தால், பள்ளிக்கூடத்தில் கலிங்கத்துப்பரணி படித்த பிறகு அவருக்கே தோன்றியது என்று தெரிந்தது.

பெண்களிடம் வேறு மாதிரி பதில் வந்தது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பேர் காற்று மாதிரி, கவனிக்க மாட்டார்கள். வாழவந்த மருமகளுக்கு அது புதுப் பேர். முதல் நாள் யார் எப்படிச் சொன்னார்கள் என்பது மனதில் நிற்கும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கோ போன ஊரில் பிறந்த வீட்டுப் பேர்தான் அடையாளம். என் அத்தைக்கு எண்பத்தாறு வயது. அவர் சொன்னது: "நான் வாக்கப்பட்டுப் போன புதுசுல என் பேரைச் சொல்லி யாருத்தா கூப்பிட்டாக? கலுங்கடியா வீட்டுப் பொண்ணும்பாக. இல்லாட்டி, கலுங்கடிப் பொண்ணு."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'யார்' இல்லாமல் வெறும் 'கலுங்கடி'. அது ஆளைக் குறிக்கவில்லை, இடத்தைக் குறிக்கிறது.

ஆகவே அர்த்தம் கேட்காதீர்கள். "யார் அப்படிக் கூப்பிட்டார்கள், கோபத்தில் எப்படிச் சொல்வார்கள், பக்கத்து ஊர்க்காரர் எப்படிச் சொல்வார்" என்று கேளுங்கள். பேரை வைத்து ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். செல்போனில் பதிவு செய்யும்போது தேதி, பேசுகிறவர் பேர், ஊர் மூன்றையும் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்கிற பிள்ளைக்கு அது உதவும்.

எங்கே தேடுவது

மொய் நோட்டு. எங்கள் பக்கத்தில் மொய் எழுதாத விசேஷம் கிடையாது. பழைய நோட்டைத் தூக்கிப் போடவும் மாட்டார்கள், திருப்பிச் செய்யவேண்டிய கணக்கு அது. ஊரில் ஒரே பேரில் நாலு கருப்பையா இருப்பார்கள். அதனால் எழுதுகிறவர் ஒவ்வொரு பேருக்கு முன்னாலும் வீட்டுப் பேரைப் போட்டே ஆகவேண்டும். எங்கள் தாய்மாமன் வீட்டு நோட்டு ஒன்றில் வரிசையாக வேம்படியா வீடு, மடைக்காரர் வீடு, கணக்கர் வீடு, மேலவீடு, கலுங்கடியா வீடு என்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு ரூபாய், ஒரு ரூபாய். இந்த ஒரே பக்கம் எனக்குப் பின்னால் எப்படிக் கைகொடுத்தது என்று சொல்கிறேன்.

பாத்திரம். சீர் பாத்திரத்தில் பேர் வெட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. பரணில் கிடக்கும் பித்தளை அண்டா, குடம், தாம்பாளம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் இறக்கிப் பாருங்கள். எழுத்து பெரும்பாலும் விளிம்புக்குக் கீழே, உளியால் குத்திய சின்னச் சின்னப் புள்ளியாக இருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மங்கியிருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. இருட்டறையில் வைத்து, டார்ச் விளக்கை விளிம்போடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். புள்ளி ஒவ்வொன்றும் நிழல் விட்டு எழுந்து நிற்கும். எங்கள் அப்பாயி கொண்டுவந்த அண்டாவில் அப்படித்தான் "கலுங்கடியா வீடு" என்று படித்தோம். 'லு' எழுத்தின் சுழிக்கு மட்டும் அந்தக் கொல்லர் பதினாலு புள்ளி வைத்திருந்தார். 'லி' என்று நினைக்க இடமே இல்லை. மாவு தூவிப் படிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், ஈரத்தோடு சேர்ந்து பள்ளத்தில் தங்கிவிடும்.

பத்திரம். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, அடமானம், எதுவானாலும் சரி. அதில் நிலத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டு இடம் பாருங்கள். முதலாவது, எழுதிக்கொடுப்பவர் இன்ன ஊர் இன்ன இடத்தில் இருக்கும் இன்னார் குமாரர் என்று வரும் தொடக்க வரி. இரண்டாவது சக்குபந்தி, அதாவது நான்கெல்லை. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எல்லையில் பக்கத்து வயலின் பேரும் அதன் சொந்தக்காரர் வீட்டுப் பேரும் இருக்கும். சொந்தப் பத்திரத்தில் இல்லாத வீட்டுப் பேர் பக்கத்துக்காரர் பத்திரத்தின் எல்லையில் கிடைக்கும். எனவே உங்கள் வயலுக்கு நாலு பக்கமும் இருப்பவர்களின் பத்திரத்தையும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் பத்திரம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, வில்லங்கச் சான்று எடுத்து, அதில் வரும் பத்திர எண்ணை வைத்து நகல் வாங்கலாம்.

நிலம் யார் பேரில் இருக்கிறது என்று காட்டும் அரசுக் கணக்குகளான அ-பதிவேடும் சிட்டாவும் ஓரளவுக்குத்தான் உதவும். 1979ல் தொடங்கிய யூடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் திட்டக் காலத்தில் பட்டாதாரர் பேரெல்லாம் புதிதாக எழுதப்பட்டன. இனிஷியல் போட்டு அப்பா பேரோடு நிறுத்திக்கொண்டதால் வீட்டுப் பேர் பல இடத்தில் விழுந்துவிட்டது. அதற்கு முந்தைய பதிவேடுதான் நமக்கு வேண்டும்.

அதைக் கேட்டு எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதற்கு ஊர் அப்போது எந்த ஆட்சியில் இருந்தது என்று தெரியவேண்டும். திருமயம் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. சமஸ்தானம் 1948 மார்ச் 3ல் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் ஒரு பகுதியானது. 1974 ஜனவரி 14ல்தான் தனி மாவட்டம். பக்கத்தில் இருக்கும் அறந்தாங்கியோ அதற்கு முன் தஞ்சாவூர் மாவட்டம். பத்து மைல் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்களின் பழைய தாள்கள் வேறு வேறு ஊரில் கிடப்பது இதனால்தான். சென்னை ராஜதானியில் இருந்த ஊர் என்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் வரை போகவேண்டி வரும்.

வருஷத்தைத் தப்பாகப் படித்துவிடாதீர்கள்

பழைய தாளில் பசலி, அதாவது ஜூலையில் தொடங்கும் நிலவரிக் கணக்கு ஆண்டின் எண் இருந்தால் 590ஐக் கூட்டுங்கள். பசலி 1357 என்றால் 1947 ஜூலையில் தொடங்கி 1948 ஜூனில் முடிந்த வருஷம். தமிழ் வருஷப் பேர் மட்டும் இருந்தால் அது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும். தாளில் இருக்கும் ஆட்கள் உயிரோடிருந்த காலத்தை வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யவேண்டும்.

இதில் எனக்கு ஒரு தவறு நேர்ந்தது. எங்களுக்குக் கிடைத்த மிகப் பழைய பத்திர நகலில் "குரோத" வரை தெரிந்தது, மீதி மடிப்பில் கிழிந்திருந்தது. குரோதி என்று படித்து 1905 தை மாதம் என்று எழுதிவிட்டேன். குரோதி முப்பத்தெட்டாவது வருஷம். குரோதன ஐம்பத்தொன்பதாவது. நடுவில் இருபத்தொரு வருஷ வித்தியாசம். 'தி' என்றால் எழுத்தின் மேல் சுழி தெரிந்திருக்க வேண்டும், அங்கே வெறும் 'த' தான் இருந்தது. 1905ல் என் தாத்தாவுக்கு மூன்று வயது. மூன்று வயதுப் பிள்ளை நிலத்தை விற்க முடியாது என்று அண்ணன்தான் சுட்டிக்காட்டினார். அது குரோதன வருஷம், 1926 தை.

எழுத்தையும் கவனிக்கவேண்டும். 1978ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன் ணா, றா, னா, லை, ளை, னை போன்றவை வேறு வடிவத்தில் இருந்தன. ஓலைச்சுவடி என்றால் மெய்க்குப் புள்ளி இருக்காது, எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வித்தியாசம் இருக்காது, துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். ஓர் எழுத்தில் பொருள் மாறுகிற வேலை இது. சந்தேகமான எழுத்தைக் கோடிட்டு வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

பேரைப் பிரித்துப் பாருங்கள்

இனி சொல்லுக்கு வருவோம். நம் வீட்டுப் பேர்கள் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்கும். வந்த ஊரால் அமைந்தவை. ஊருக்குள் வீடு இருந்த இடத்தால் அமைந்தவை: வேம்படியார், மேலவீட்டார், கிணற்றடியார். செய்த வேலையால் அமைந்தவை: கணக்கர், மணியம், மடைக்காரர். அரசன் கொடுத்த பட்டத்தால் அமைந்தவை: அரையர், ராயர் என்று முடிபவை. முன்னோர் ஒருவர் பேரோடு வகையறா சேர்ந்தவை. அப்புறம் யாரோ ஒருவருக்கு வைத்த பட்டப்பேர் வழிவழியாக ஒட்டிக்கொண்டவை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சில குடும்பங்களுக்கு மற்றவர்கள் இழிவாக வைத்த பேர் பதிவேட்டில் ஏறி நின்றுவிட்டது. அந்தப் பேரை உதறுவது அவர்கள் உரிமை. அப்படிப்பட்ட பேரைத் தேடிப்போய் அந்த வீட்டாரிடமே கேட்டுப் புண்படுத்தக் கூடாது. நான் எடுத்த மொய் நோட்டில் அப்படி இரண்டு பேர் இருந்தன. அவற்றை நகலெடுக்கவில்லை.

வகை தெரிவதற்குச் சொல்லின் வாலைப் பாருங்கள். எங்கள் பேரில் 'அடி' இருக்கிறது. முன்பாதிக்கு மூன்று சொல் போட்டியிட்டன. ஒன்று கலிங்கம் என்ற நாடு. இரண்டு, கலிங்கம் என்ற துணி. சங்க காலத்தில் கலிங்கம் என்றால் ஆடை, சிறுபாணாற்றுப்படையில் ஆய் வள்ளல் ஆலமர் செல்வனுக்குக் கொடுத்தது கலிங்கம்தான். மூன்று, கலிங்கு. குளமோ கண்மாயோ நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கட்டிய கல் வழி. எங்கள் பக்கம் அதைக் கலுங்கு என்பார்கள். "கம்மா கலுங்கு போகுது" என்றால் நிறைந்து வழிகிறது என்று அர்த்தம்.

எது என்று முடிவு செய்யப் பள்ளிக்கூட இலக்கணமே போதுமாக இருந்தது. வேம்பு, அடியோடு சேர்ந்தால் வேம்படி. உயிர் வந்தால் குற்றியலுகரம் போய்விடும். அதே கணக்கில் கலிங்கு, அடியோடு சேர்ந்து கலிங்கடி. கலுங்கு என்றால் கலுங்கடி. கலிங்கம் அப்படிச் சேராது. மரம் அடியோடு சேர்ந்தால் மரவடி அல்லது மரத்தடி ஆவதுபோல, கலிங்கவடி அல்லது கலிங்கத்தடி என்று ஆகியிருக்கவேண்டும். நாடும் துணியும் அந்த இடத்திலேயே கழன்றுவிட்டன.

உங்கள் பேரையும் இப்படிச் சேர்த்துப் பிரித்துப் பாருங்கள். பேச்சு வழக்கையும் கணக்கில் எடுங்கள். கிணற்றடி கெணத்தடி ஆகும், பிடுங்கு புடுங்கு ஆகும். சொல்லுக்குப் பொருள் பார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், கல்வெட்டில் வரும் சொல்லாக இருந்தால் சுப்பராயலு தொகுத்த தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதியும் கையில் இருக்கட்டும். பேரகராதி இணையத்திலேயே கிடைக்கிறது.

ராயர் என்று முடிந்தால் கூடுதல் கவனம்

எங்கள் பகுதியில் ராயர் பட்டத்துக்குத் தனி மதிப்பு. தொண்டைமான்களுக்கு முன் புதுக்கோட்டைப் பக்கம் ஆண்டவர்கள் பல்லவராயர்கள். அதனால் ஒரு பேரை ராயர் என்று முடிக்கும் ஆசை வருவது இயல்புதான். ஆனால் சோதிக்க வழி இருக்கிறது.

காலிங்கராயன் என்பது வரலாற்றில் உள்ள பட்டம். முதல் குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலத்தில் சிதம்பரத்தில் நிறையத் திருப்பணி செய்த நரலோகவீரனுக்கு அந்தப் பட்டம் இருந்தது. கொங்கு நாட்டில் பவானியில் தொடங்கும் காலிங்கராயன் வாய்க்காலும் அந்தப் பேரில்தான் இருக்கிறது. இரண்டிலும் முதல் எழுத்து 'கா', நெடில். எங்கள் வீட்டுப் பேரில் பத்திரிகை, நோட்டு, பாத்திரம், பத்திரம் எதிலும் நெடில் இல்லை. 1984 பத்திரிகையைத் தவிர வேறெதிலும் ராயரும் இல்லை. அந்தப் பத்திரிகையை எழுதிக்கொடுத்தவர் அச்சகத்துக்குப் போன உறவினர் ஒருவர். கலிங்கடியார் என்றால் யாருக்கும் புரியாது என்று மாற்றினேன் என அவரே சொன்னார். நல்லெண்ணத்தோடு செய்ததுதான்.

இன்னொன்று. சோழர் காலத்துப் பட்டங்கள் அதிகாரியாக இருந்த ஆளுக்குக் கொடுத்தவை. மூவேந்தவேளான், பல்லவரையன், விழுப்பரையன் எல்லாம் அப்படித்தான். அரசன் பேரையே முன்னால் சேர்த்து இராசராச மூவேந்தவேளான் என்று வரும். அரசன் மாறினால் அதுவும் மாறும். ஆகவே கல்வெட்டில் உங்கள் பேர் போலவே ஒன்றைப் பார்த்துவிட்டால், அதற்கும் உங்கள் தாத்தாவுக்கும் நடுவில் இருக்கும் எழுநூறு எண்ணூறு வருஷத்தைத் தாள்களால் நிரப்ப முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் 'இதே சொல் இங்கேயும் இருக்கிறது' என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தேடிப் பார்க்க வசதியாகச் சோழர் கல்வெட்டுகளில் வரும் பேர்களை கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் அகரவரிசைப்படுத்தி 1978ல் வெளியிட்ட தொகுதிகள் இருக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் சமஸ்தானம் 1929ல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பை முதலில் பார்க்கலாம்.

சாதி வரலாறு என்ற பேரில் வந்த சிறு நூல்களை நான் ஆதாரமாக எடுக்கவில்லை. எந்தப் பேரானாலும் கடைசியில் ஓர் அரசனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவற்றின் வழக்கம். கேட்பதற்கு இதமாக இருக்கும். ஆனால் நம் பாட்டனார் உண்மையில் எங்கே நின்றார், என்ன செய்தார் என்பதை அது மறைத்துவிடுகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

நிலத்தில் போய்ப் பாருங்கள்

இடத்தால் வந்த பேர் என்று சந்தேகம் வந்ததும் கிராம வரைபடத்தை எடுத்தேன். நத்தம், அதாவது குடியிருப்பு மனைகள் உள்ள பகுதி, ஊரின் வடக்கே இருக்கிறது. கண்மாய்க் கலுங்கு தெற்கே, ஏறக்குறைய அரை மைல். இப்போது எங்கள் வீடுகள் எல்லாம் நத்தத்தில்தான். அப்படியானால் பேர் எப்படி வந்தது? இந்த இடத்தில் பத்து நாள் நின்றுபோனேன்.

பதில் அந்த 1926 பத்திரத்தின் முதல் வரியிலேயே இருந்திருக்கிறது. வருஷத்தைப் படிப்பதில் மூழ்கி அதைக் கவனிக்கவில்லை. "கலுங்கடியிலிருக்கும்" என்று எழுதி அப்புறம்தான் கொள்ளுத்தாத்தா பேரும், அவர் குமாரர் என்று தாத்தா பேரும். அதே பத்திரத்தின் சக்குபந்தியில் "கலுங்கடிச் செய்க்குக் கிழக்கு" என்று ஒரு எல்லை; செய் என்றால் வயல். ஆக, வீடு அங்கே இருந்திருக்கிறது. பின்னால்தான் ஊருக்குள் வந்திருக்கிறார்கள்.

கார்த்திகையில் நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்த பிறகு அத்தையைக் காரில் கூட்டிக்கொண்டு போனோம். கலுங்கில் வரிசையாகக் கல்தூண்கள், இடுப்பு உயரம். கூடுதலாகத் தண்ணீர் நிறுத்தவேண்டிய வருஷம் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பலகையும் மண்ணும் அடைப்பார்கள். அன்று அடைப்பு இல்லை. தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கலுங்குக்குக் கிழக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு திடல். கருவேலம் மூடிக் கிடந்தது. அண்ணன் குச்சியால் கிளறியதும் ஓட்டுச் சில்லு வந்தது, கையால் வனைந்த நாட்டு ஓடு. அப்புறம் ஆட்டுக்கல் ஒன்றின் பாதி. அத்தை காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, "ராத்திரியில தண்ணி சத்தம் தூங்கவிடாதுன்னு எங்க அப்பாயி சொல்லும்" என்றார். அவ்வளவு நாள் அவரிடம் கேட்டும் அந்த ஒரு வரி வெளியே வரவில்லை. இடத்தைப் பார்த்ததும் வந்தது. முடிந்தால் பெரியவர்களை அந்த இடத்துக்கே கூட்டிப்போங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. கலுங்கை அடைத்துத் திறக்கிற பொறுப்பு எங்கள் வீட்டுக்கு இருந்து, அதனால் வந்த பேரோ? அதற்குத்தான் மொய் நோட்டின் அந்தப் பக்கம் உதவியது. அதே ஊரில் மடைக்காரர் வீடு என்று தனியாக ஒரு வீடு இருக்கிறது. அவர்களைப் போய்ப் பார்த்தேன். மடையும் கலுங்கும் தங்கள் பொறுப்புதான், அதற்கு அறுவடையில் ஊர் நெல் கொடுக்கும் என்றார்கள். வேலைப் பேர் அவர்களுக்கு, இடப் பேர் எங்களுக்கு. அதே பக்கத்தில் வேம்படியா வீடும் இருந்ததால் அடி சேர்த்துப் பேர் வைக்கும் பழக்கம் அந்த ஊரில் இருந்ததும் உறுதியானது. உங்கள் பேரை மட்டும் தனியாக வைத்துப் பார்க்காதீர்கள். ஊரிலுள்ள மற்ற வீட்டுப் பேர்களை வரிசையாக எழுதிப் பக்கத்தில் வைத்தால் பாதி விடை அதில் இருக்கும்.

எழுதி வைப்பது

எல்லாம் கிடைத்த பிறகு ஒரே தாளில் எழுதினேன். பழைய உருவம் மேலே, புதியது கீழே, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தத் தாள், எந்த வருஷம், யாரிடம் இருக்கிறது. தாளில் கண்டது, கேட்டது, நான் ஊகித்தது மூன்றையும் மூன்று நிற மையில். பதினோரு வீட்டுக்கும் நகல் கொடுத்தேன். கலிங்கத்துக்குப் படை போன கதையையும் சேர்த்தேன், யார் எப்போது சொன்னது என்ற குறிப்போடு. பெரியப்பா மகனுக்கு அதைப் படித்துக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தத் திடலைச் சுத்தம் பண்ணலாமா என்று கேட்டார்.

படிவத்தில் எழுதப்போகிறவர்களுக்கு ஒன்று. ஆங்கில எழுத்துக்கூட்டலை வீட்டில் எல்லோரும் கூடி ஒருமுறை முடிவு செய்யுங்கள். பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒரே எழுத்து வரட்டும். இரண்டு விதமாக ஏறிவிட்டால் பின்னால் திருத்துவது பெரும்பாடு.

அண்ணன் மகன் கலுங்கடியார் என்றே பதிந்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தை மாதம் ஊருக்கு வந்தார்கள். அத்தை ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கி வைத்திருந்தார். பேர் வெட்டுகிற கடையில் இப்போது மிஷின் வைத்துத்தான் எழுதுகிறார்கள். நான் தாளில் எழுதிக்கொடுத்ததைப் பார்த்துவிட்டு அந்தப் பையன், "கடைசியில 'ர்' விட்டுப்போச்சேம்மா, போட்டுரவா?" என்று கேட்டான். வேண்டாம், அண்டாவில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்றார் அத்தை.